கிடாரத்துக்கு ஒரு வழி

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் டைல்ஸ் பதிக்கும் புவனேந்திரன் எதற்கும் உத்தரவாதம் தருவார். எழுத்தில் மட்டும் தரமாட்டார். "இருபது வருசத்துக்கு அசையாது, நான் சொல்லுறன்" என்றால் பேச்சு முடிந்தது. டைல்ஸும் பெரும்பாலும் அவர் சொல் கேட்டன. துண்டுக் காகிதம் இல்லாமல் தும்மவும் விடாத ஜேர்மனியில் பத்து வருடம் இருந்து வந்த மனிதர் இவர்.

வீட்டை விற்றுவிட்டு ஹவுன்ஸ்லோவில் மகளுக்குப் பக்கத்தில் குடியேற முடிவெடுத்தபோது, சொலிசிட்டர் சந்திரவதனா அவரைச் சீண்டும் கேள்வி ஒன்றைக் கேட்டார்.

"எழுதிக் குடுக்கேக்கை முழு உத்தரவாதமோ, மட்டுப்படுத்தினதோ, அங்கிள்? முழுசெண்டால், தெரிஞ்ச வில்லங்கம் ஒண்டையும் நீங்கள் மறைக்கேல்லை எண்டு அர்த்தம். பிறகு ஏதும் வெளிக்கிட்டா நீங்கள்தான் பொறுப்பு."

"அரைகுறை வேலை நான் செய்யிறேல்லை, பிள்ளை. முழுசு."

"காணிக்குள்ளாலை வேற ஆரும் போய் வாறவையோ?"

புவனேந்திரன் இழுத்து இழுத்துக் கதையைச் சொன்னார்.

போய்வந்தவர் பக்கத்து வீட்டுக் கிளின்ரன். கலியாணங்களுக்குச் சமைப்பவர். அவருடைய வீட்டின் இருபுறமும் வீடுகள் ஒட்டி நின்றதால் சுற்றிப் போக வழியில்லை; பெரிய சமையல் கிடாரங்கள் முன்கதவால் நுழையவும் இல்லை. வரிசையின் கடைசி வீட்டுக்காரரான புவனேந்திரன் நடுவேலியில் படலை வைத்து, தன் காணியோடு முடியும் பின் ஒழுங்கைச் சந்துக்குத் தன் தோட்டத்தால் வழி விட்டிருந்தார். எல்லாம் வாய்ப்பேச்சு. பிறகு சம்பந்தி வீட்டாரின் சொல்லுக்காக, மகளின் கலியாணச் சாப்பாட்டை வேறொருவரிடம் கொடுத்தார். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. கிடாரங்கள் மட்டும் சனிக்கிழமை தவறாமல் போய்வந்தன. ஆறு வருடமாக முகம் பார்க்காத மனிதனுக்குப் படலையைப் பூட்டலாம் என்ற யோசனை புவனேந்திரனுக்கு வந்ததே இல்லை.

அது சந்திரவதனாவுக்கு உடனே வந்தது.

"அது நீங்கள் விட்ட தயவுதானே. படலையை அடைச்சா முடிஞ்சுது."

"அவன்ரை தொழிலும் முடிஞ்சிடும். ஊர்க் காணி உறுதிப் பத்திரங்களிலை வழி, வாய்க்கால் எல்லாம் எழுதுறவை. இஞ்சை ஏலாதோ?"

"ஏலும். அவருக்கு வழியுரிமை எழுதிப் பதிஞ்சுபோட்டு, அதோடை சேர்த்து வீட்டை விக்கலாம். வாங்குறவை சம்மதிக்கோணும். அவரும் வந்து கையெழுத்து வைக்கோணும்."

வாங்க வந்த இளம் தம்பதி இலகுவில் சம்மதித்தார்கள். காலை எட்டு மணிக்கு முன் கிடாரம் உருளக்கூடாது என்பது மட்டுமே அவர்களின் நிபந்தனை. இனிக் கிளின்ரனிடம் பேசவேண்டும். புவனேந்திரன் தானே வைத்த படலையைத் திறந்து, முதன்முறையாக அந்தப் பக்கம் போனார். கிளின்ரன் கிடாரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"வீட்டை விக்கிறன்."

"போர்ட் போட்டிருக்கு. எனக்கும் கண் தெரியும்."

"உன்ரை வழியை எழுதித் தாறன். வந்து கையெழுத்து வை."

கிளின்ரன் தண்ணீரை நிறுத்தினார். "கலியாணத்துக்கு என்ரை சோத்தை நம்பேல்லை. இப்ப காணியை எழுதித் தாறியளோ, அண்ணை?"

"காணிக்கு நான் உத்தரவாதம். சம்பந்திக்கு ஆர் உத்தரவாதம் குடுக்கிறது?"

கிளின்ரன் சிரிக்கவில்லை. அடக்கிக்கொண்டார் என்பதே சரி.

அடுத்த வாரம் சந்திரவதனாவின் அலுவலகத்தில் கிளின்ரன் ஒவ்வொரு வரியாகப் படித்துக் கையெழுத்து வைத்தார். புவனேந்திரன் படிக்காமலே வைத்தார். பிறகு வீட்டை மாற்றும் பத்திரத்தில், முழு உத்தரவாதம் என்ற இடத்தில், வாழ்நாளில் முதன்முறையாகத் தன் வாக்கை எழுத்தில் கொடுத்தார்.

படியிறங்கும்போது கிளின்ரன் கேட்டார். "ஹவுன்ஸ்லோ வீட்டுக் குடிபூரலுக்குச் சாப்பாடு ஆர்?"

"இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"வாசல் எவ்வளவு அகலம்?"