மதினி அள்ளிவந்த சீனி

எனக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வந்த நாளிலிருந்து, எங்கள் லய வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் என் அண்ணன் மனைவிதான் எனக்குப் பொலிஸ். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே தேத்தண்ணி குடிப்போம். என் கையில் சீனியைக் கண்டால் மதினி தட்டிவிட்டுவிடுவார்.

உடம்பை அசைத்து விளையாடச் சொல்லி கிளினிக்கில் நர்ஸ் சொன்னதும், ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கயிறு கட்டி, மதினியோடு பெட்மின்டன் ஆடத் தொடங்கினேன். வருத்தம் வந்தபிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அங்கேதான்.

ஒருநாள் சீனியைக் குறைக்கும் குளிசையைப் போட்டுவிட்டு, வயிறு லேசாக இருக்கட்டும் என்று பகல் சோற்றைத் தின்னாமல் போனேன். நடு ஆட்டத்தில், பொகவந்தலாவை மலைக் குளிரிலும் எனக்கு வேர்த்துக் கொட்டியது. சொன்னால் விளையாட்டையே நிறுத்திவிடுவாரே என்று மறைத்தேன். கை நடுங்கி மட்டை விழுந்தது.

"சோறு தின்னியா?" என்றார் மதினி. இல்லையென்று தலையாட்டினேன். லயத்துக்கு ஓடிப்போய் வந்தவர், என் உள்ளங்கையை விரித்துச் சீனியைக் கொட்டினார்.

"நக்கு."

"எனக்கா மதினி? சீனியா?"

"குளிசைய போட்டுட்டு பட்டினி கெடந்தா இப்படித்தான் வரும், அப்ப சீனி குடுக்கணும்னு அந்த நர்ஸ் சொன்னப்ப நீ எங்க பார்த்துக்கிட்டு இருந்த? நக்கு புள்ள!"

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்கியது. இனி விளையாட்டே வேண்டாம் என்பார் என்று பயந்து உட்கார்ந்திருந்தேன்.

"அடுத்த ஞாயித்துக்கெழம தின்னுட்டு வா. பட்டினி கெடக்குறவள ஜெயிச்சு எனக்கு என்ன பெரும?" என்றார்.

இப்போதும் ஆட வரும்போது மதினியின் முந்தானையில் ஒரு பிடி சீனி முடிந்திருக்கும். தேத்தண்ணி நேரத்தில் மட்டும் அந்த முடிச்சுள்ள பக்கத்தை என்னிடமிருந்து திருப்பிக்கொள்வார்.