மைதாப் பசையும் கோணி ஊசியும்

நேற்று மத்தியானம் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. வந்தவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "எஸ்தர்! எஸ்தர் யாருங்க? பார்சல்!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

எஸ்தர் என் அக்கா. கிறிஸ்துமஸுக்காகக் கொட்டாம்பட்டியிலிருந்து பசுமலை வீட்டுக்கு வந்திருக்கிறாள். பார்சலை அனுப்பியது பெங்களூரில் வேலை பார்க்கும் அவள் மகள். அட்டைப்பெட்டிக்குள் ஓர் அட்டைப்பெட்டி, அதற்குள் காற்றடைத்த பிளாஸ்டிக் பைகள், அதற்கும் உள்ளே பளபளவென்று தாள் சுற்றிய பொட்டலம். மேலே ஒரு ரெடிமேட் குஞ்சம். 'என் அன்பான அம்மாவுக்கு' என்று கம்ப்யூட்டர் மனமுருகி அச்சடித்த சீட்டு. போனில் ஒரு கட்டத்தைத் தட்டினால் கடைக்காரர்களே சுற்றி அனுப்பிவிடுவார்களாம். பிள்ளை அந்தக் கட்டத்தைத் தட்டியிருக்கிறது. அம்மாவுக்காக அவ்வளவு சிரமம் எடுத்திருக்கிறது, பாவம்.

பெட்டியைப் பிரித்ததும் எனக்கு முதலில் வந்தது ஏமாற்றம்தான். அந்துருண்டை வாசனை இல்லை.

சிரிக்காதீர்கள். உங்களுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் கேக் வாசனை நினைவுக்கு வரலாம். எனக்கு அந்துருண்டை. காரணம் என் அம்மா. ஊர் உலகத்துக்கெல்லாம் கிறிஸ்துமஸ் மார்கழியில் வரும். எங்கள் வீட்டில் அது ஆடியிலேயே வந்துவிடும். தெற்கு மாசி வீதியில் ஆடித் தள்ளுபடிப் பலகை ஏறிய அன்றே அம்மா மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். எங்கள் சபையில் ஆடி மாதத்தை அம்மா அளவுக்குப் பக்தியோடு அனுசரித்தவர்கள் யாருமில்லை. நல்லவேளை, ஐயருக்கு அது தெரியாது. எங்கள் பக்கம் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம்.

வாங்கி வந்த துணியை அன்று பிற்பகலே பொட்டலம் கட்டிவிட வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். "கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தா ஆசை வந்து போட்டுருவீங்க. அப்புறம் கிறிஸ்துமஸ் அன்னைக்குப் பழசோட கோயிலுக்குப் போவீங்களா?" என்பாள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தாள் சரசரப்பது எங்களுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று ரேடியோவைச் சத்தமாக வைப்பாள். ஆடி மாதத்தில் அந்த அறையில் ரேடியோ அலறினால் கிறிஸ்துமஸ் பொட்டலம் தயாராகிறது என்று அடுத்த தெருவுக்கே தெரியும். ரகசியம் என்றால் அப்படியொரு ரகசியம்.

பசை, அடுப்பில் காய்ச்சிய மைதாப் பசை. செலோ டேப்புக்கு எங்கள் வீட்டில் அனுமதியில்லை. டேப்பை உரித்தால் தாள் கிழிந்துவிடும், தாள் அடுத்த வருஷத்துக்கு வேண்டும். சிவப்பில் தங்க மணிகள் போட்ட அந்தத் தாளை அம்மா என்றைக்கு வாங்கினாளோ, எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் அதுதான். பிரித்த பிறகு இஸ்திரி போட்டு, கறை பிடித்த ஓரத்தை நறுக்கி, பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துவிடுவாள். வருஷா வருஷம் ஓரம் போய்க்கொண்டே இருந்ததால், நான் வளர வளரத் தாள் சிறுத்துக்கொண்டே வந்தது. முதலில் பட்டுச் சேலையைச் சுற்றிய தாள், கடைசியில் அப்பாவின் கைக்குட்டையைச் சுற்றியது.

மைதாப் பசையில் ஒட்டி ஐந்து மாதம் டிரங்குப் பெட்டிக்குள் வைத்தால் பூச்சி சும்மா இருக்குமா? எங்களுக்கு முன்பே அதற்குக் கிறிஸ்துமஸ் வந்துவிடும். அதனால்தான் கைப்பிடி கைப்பிடியாக அந்துருண்டை. புதுச்சட்டை போட்டுக்கொண்டு நான் கோயிலுக்குள் நுழைந்தால் முன்வரிசை முழுக்கத் தும்மும்.

அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அம்மா எங்களுக்கு எதையும் எங்கள் அளவுக்கு எடுத்ததில்லை. "வளர்ற பிள்ளை" என்ற ஒற்றைக் காரணத்தைச் சொல்லி, இரண்டு வருஷம் கழித்து இருக்கப்போகும் பிள்ளைக்கு எடுப்பாள். தோள்பட்டைத் தையல் என் முழங்கையில் தொங்கும். "பிள்ளைக்குச் சட்டையா, சட்டைக்குப் பிள்ளையா?" என்று அப்பா கேட்பார்.

அப்பா ரயில்வே பார்சல் ஆபீஸில் கிளார்க். சாக்கில் வைத்து, கோணி ஊசியால் சணல் நூல் கோத்துத் தைத்து, முடிச்சில் அரக்கு உருக்கி முத்திரை குத்தினால்தான் அவருக்கு அது பார்சல். மற்றதெல்லாம் பொட்டணம். ஒவ்வொரு வருஷமும் அம்மா கட்டியதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"இந்தக் கட்டு சோழவந்தான் தாண்டாது."

"எந்திரிச்சு இந்தா இருக்க முருங்கமரம் வரைக்கும் போய்ட்டு வாறதுக்கு உங்களுக்கு மூச்சு வாங்குது. என் கட்டு எதுக்குச் சோழவந்தான் போகணும்?" என்பாள் அம்மா.

இவ்வளவு குறை சொன்னவர் ஒருநாளும் ஒரு பொட்டலம் கட்டியதில்லை. அவருடைய வேலை பேர் வாசிப்பது. அதிகாலை ஆராதனை முடிந்து வந்து, இட்லியும் கறிக்குழம்பும் ஆனதும், கிறிஸ்துமஸ் மரமென்று பெயிண்ட் டப்பாவில் மணல் போட்டு நட்ட சவுக்குக் கிளைக்குப் பக்கத்தில் பிரம்பு நாற்காலியைப் போட்டு உட்காருவார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொட்டலம் பொட்டலமாக எடுத்து, அம்மா ஒட்டியிருக்கும் துண்டுச் சீட்டிலிருந்து பெயரை வாசிப்பார். பெயருக்குரியவர் எழுந்து நின்று "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். வீட்டில் இருந்ததே நாலு பேர். யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாதா? ஆனாலும் வாசித்து, "இருக்கேன்" என்று காதில் விழுந்தால்தான் கொடுப்பார். அதன்பின் விரலில் தண்ணீர் தொட்டு, பசையை நனைத்து, கிழியாமல் உரிக்க வேண்டும். பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன்கூட அதைவிடச் சீக்கிரம் முடியும்.

அக்கா தன்னோடு வேலை பார்த்த முருகேசனைக் கல்யாணம் செய்துகொண்டு கொட்டாம்பட்டிக்குப் போனது ஒரு வைகாசியில். அப்பா அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை இந்து, அதனால்தான் என்று சபையில் சொல்லிக்கொண்டார். மச்சானின் தாத்தா காலம் வரை அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கிய குடும்பம் என்பதுதான் காரணம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை மட்டும் யாரும் சொல்லவில்லை, நாகரிகமானவர்கள். ஆண்டவருக்கு முன்னால் எல்லோரும் சமம் என்று ஐயர் பிரசங்கம் செய்தபோது முதல் ஆமென் அப்பாவுடையதுதான். வீட்டுக்கு வந்ததும், இனி அந்தப் பெயரை இங்கே யாரும் சொல்லக் கூடாது என்றார்.

ஆடி வந்தது. ரேடியோ அலறியது.

அந்தக் கிறிஸ்துமஸில் அப்பா என் பெயரை வாசித்தார். அம்மா பெயரை வாசித்தார். அடுத்த பொட்டலத்தை எடுத்தவர் சீட்டைப் பார்த்தார், அப்படியே நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கு அழுகை வந்தது. அம்மா மட்டும் நிதானமாகக் கேட்டாள்.

"என்னங்க, எழுத்து தெரியலையா? பெருசா எழுதட்டுமா?"

"கண்ணு நல்லாத்தான் தெரியுது."

"அப்ப வாய்தான் சரியில்ல போல."

அந்தப் பொட்டலம் பிரிக்கப்படாமல் டிரங்குப் பெட்டிக்கே திரும்பிப் போனது. அடுத்த வருஷம் அம்மா அக்கா பெயரை இரண்டு மடங்கு பெரிதாக எழுதினாள். அதுவும் நாற்காலிக்கு அடியில் போனது. அதற்கடுத்த வருஷம் சீட்டெல்லாம் கிடையாது. பொட்டலத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, தேர்தல் சுவர் விளம்பரம் போல 'எஸ்தர்' என்று எழுதி வைத்தாள். அப்பா அதையும் பார்க்காமல் தாண்டினார். அவ்வளவு பெரிய எழுத்தைப் பார்க்காமல் இருக்கத் தனிப் பயிற்சி வேண்டும்.

நான் அப்போது மருந்துக் கம்பெனியில் ரெப்பாகச் சேர்ந்திருந்தேன். மேலூர்ப் பக்கம் டாக்டர்களைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பஸ்ஸை விட்டு இறங்காமல் நேரே கொட்டாம்பட்டிக்குப் போவேன். அடுத்த புரட்டாசியில் அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. அன்று இரவு சாப்பாட்டில் அம்மா ரசத்தைப் பார்த்துச் சொன்னாள்: "பொம்பளப்பிள்ளையாம்." ரசம் பதில் சொல்லவில்லை. அப்பா இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். வழக்கமாகக் கேட்க மாட்டார்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் நெருங்கியபோது டிரங்குப் பெட்டியைத் திறந்த அம்மா அலறிவிட்டாள். அக்காவுக்கென்று சேர்ந்துகிடந்த பொட்டலங்களில் ஒன்றுகூட இல்லை. புதிதாகக் கட்டியதும் இல்லை. "அப்பா தூக்கிப் போட்டுட்டாருடா. யாருக்காவது குடுத்துட்டாருடா" என்று கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து அழுதாள். தாளுக்காகக்கூட அழவில்லை என்றால் எவ்வளவு துக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்பாவிடம் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. எனக்கும்தான்.

கிறிஸ்துமஸ் காலையில் கோயிலிலிருந்து வந்து பார்த்தால், சவுக்குக் கிளைக்குப் பக்கத்தில் ஒரு சாக்கு மூட்டை நிற்கிறது. நெருக்கமாகத் தைத்த சணல் தையல். முடிச்சுக்கு முடிச்சு சிவப்பு அரக்கு. கருப்பு மையில் கட்டை எழுத்தில் 'எஸ்தர், கொட்டாம்பட்டி'. எங்கள் வீட்டில் அப்படிக் கட்டக்கூடிய ஆள் ஒருவர்தான் உண்டு. அவர் ஒன்றுமே நடக்காததுபோல என் பெயரை வாசித்தார். அம்மா பெயரை வாசித்தார். கடைசியில் மூட்டையை நோக்கி மோவாயை நீட்டினார்.

"இது கொட்டாம்பட்டிக்குப் போகணும். அந்த ஊருக்கு ரயில் கெடையாது. நீ பஸ்ல கொண்டு போயிரு."

"யாருக்குன்னு கேட்டா என்னப்பா சொல்ல?" என்றேன். வேண்டுமென்றேதான் கேட்டேன்.

"எழுதிருக்குல்ல. படிக்கத் தெரியாதா?"

எழுத மட்டும் கை வந்திருக்கிறது. வாய் இன்னும் வரவில்லை. அம்மா எழுந்து வந்து மூட்டையைத் தடவிப் பார்த்தாள். தையலை ஓர் இடத்தில் இழுத்துப் பார்த்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டுகிறது, குரல் மட்டும் இறங்கவில்லை.

"இந்தக் கட்டு மேலூர் தாண்டாது."

அப்பா சிரித்ததை அன்றைக்குத்தான் நெடுநாளைக்குப் பிறகு பார்த்தேன்.

மாட்டுத்தாவணியில் கண்டக்டர் மூட்டையை ஏற இறங்கப் பார்த்தார். "என்னண்ணே, வெங்காயமா?" என்றார். கிறிஸ்துமஸ் பரிசு என்றேன். "அப்ப லக்கேஜ் டிக்கெட் எடுத்துருங்க" என்றார். பண்டிகை நாளில் அவரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

மேலூரை முழுசாகத் தாண்டி வந்த அந்தக் கட்டைப் பிரிக்க மச்சான் அரிவாளோடு வந்தார். "கிழிச்சிராதீங்க!" என்று அக்கா போட்ட சத்தத்தில் குழந்தை முழித்துக்கொண்டது. ஊசி நுனியால் ஒவ்வொரு தையலாக அக்காவே பிரித்தாள். உள்ளே அம்மா கட்டிய பொட்டலங்கள் அத்தனையும் இருந்தன, அந்துருண்டையோடு. அவற்றுக்கு நடுவே, பழுப்புக் காகிதம் சுற்றி, குறுக்கும் நெடுக்கும் சணல் போட்டு இறுக்கிய ஒன்று. அப்பா தன் வாழ்நாளில் கட்டிய முதல் பரிசு. கட்டிப்போட்ட கோழி மாதிரி இருந்தது.

அதற்குள் ஒரு மஞ்சள் கவுன். ஐந்து வயதுப் பிள்ளை போடுவது. வீட்டில் இருந்ததோ மூன்று மாதக் கைக்குழந்தை. மச்சான் கவுனைக் குழந்தையின் மேல் விரித்துப் பார்த்தார். குழந்தையைக் காணவில்லை. நாங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அக்கா சிரிக்கவில்லை. கவுனை மடியில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"இனி வரப்போற அஞ்சு வருசத்துக்கும் சேத்து எடுத்திருக்காருடா" என்றாள்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவர்கள் மூன்று பேரும் பசுமலைக்கு வந்தார்கள். யாரும் யார் காலிலும் விழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அம்மா அந்த வருஷம் பெயர்களையெல்லாம் சின்ன எழுத்தில்தான் எழுதியிருந்தாள். அப்பா பொட்டலத்தை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் துடைத்தார். தாண்டிவிடுவாரோ?

"எஸ்தர்" என்றார்.

"இருக்கேம்ப்பா" என்று எழுந்து நின்றாள் அக்கா. பொட்டலத்தை வாங்கிய கையை அப்பா சீக்கிரம் விடவில்லை. அடுத்த பெயரை வாசித்தபோது மச்சான் பதறி எழுந்து "உள்ளேன் ஐயா" என்று சொல்லித் தொலைத்தார். அரசுப் பள்ளிப் பழக்கம்.

மஞ்சள் கவுன் பிள்ளைக்குச் சரியாக ஐந்து வயதில் பொருந்தியது. "பாத்தியா, அளவுன்னா இது அளவு" என்று அப்பா அம்மாவிடம் வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அப்பா போனார். இரண்டு ஆடி கழித்து அம்மாவும் போனாள். அவளுக்குப் பின் ஆடியில் எங்கள் வீட்டு ரேடியோ அலறவில்லை. மணித் தாளின் கடைசித் துண்டு, தீப்பெட்டியைச் சுற்றக்கூடக் காணாது, அக்காவின் பைபிளுக்குள் இருக்கிறது. டிரங்குப் பெட்டியை நான்தான் பழைய இரும்புக்காரருக்குப் போட்டேன். இடத்தை அடைக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது, மேதாவி அல்லவா.

நேற்று பைக்கில் வந்தவர் வாசலில் நின்று பெயரைக் கத்தினாரே, அப்போது அக்கா அடுப்படியில் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, எண்ணெய்க் கையோடு நிமிர்ந்து நின்று, "இருக்கேன்" என்றாள். அவர் காதில் அது விழவே இல்லை. பெட்டியை என் கையில் திணித்து, போனுக்கு வந்த நம்பரை வாங்கிக்கொண்டு, பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

எவ்வளவு சுலபமாக ஒரு பெயரை வாசித்துவிட்டுப் போகிறார்கள் இப்போது.