தலைகீழாக அடுக்கிய ஏழு லீவர்

"உங்கக்கா திருட்டு வேலை கத்துக்கிறாளாம்" என்று சித்தி ஃபோனில் சொன்னாள். சித்திக்கு இதைச் சொன்னது அவளுடைய தையல்காரி. தையல்காரிக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. சாவி வெட்டும் கடையில் ஒரு பொம்பளை பகல் முழுக்கப் பூட்டுக்குள் கம்பியை விட்டு நோண்டுகிறாளாம், காதை வைத்துக் கேட்கிறாளாம், நோட்டில் எண் எழுதுகிறாளாம். "நீ வெளிநாட்டுல உக்காந்துக்கிட்டு இதெல்லாம் கேக்க மாட்டியா?"

காரணமே இல்லாவிட்டாலும் கவலைப்படுகிறவன் நான். உடனே அக்காவை அழைத்தேன்.

"திருட்டு வேலை இல்லடா. திருட்டுப் போனதை எடுக்கிற வேலை" என்றாள்.

எது திருட்டுப் போனது என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அக்காவுக்குப் பத்தொன்பது வயதில் கட்டட வரைபடம் போடும் வேலை கிடைத்தது, வேறு ஊரில். ஐந்து நாளுக்குள் அசல் சான்றிதழ்களோடு நேரில் வரச் சொல்லிக் கடிதம். சான்றிதழ்கள் அப்பாவின் பீரோவில் இருந்தன. அப்பா போன பிறகு அதன் சாவி அண்ணனிடம். அவள் வெளியூர் போவது அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் காலையில் "சாவி தொலைஞ்சு போச்சு" என்றான். எல்லோரும் தேடினோம். அண்ணனும்தான் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து தேடினான், முழங்காலெல்லாம் தூசி. உடைத்துவிடலாம் என்று அக்கா சொன்னபோது, "அப்பா வாங்கின பீரோ மேல யாரும் கை வைக்கக் கூடாது" என்றான். அம்மா வாயே திறக்கவில்லை. ஐந்து நாள் போயிற்று. பிறகு பதினைந்து வருடமும் போயிற்று.

போன வருடம் அக்கா அந்தச் சாவிக் கடையில் சேர்ந்தாள். சாவி வெட்டும் இயந்திரத்தில் அவளுக்கு வேலை. முதலாளி அவளைவிட நாலு வயது சின்னவன், வாய் மட்டும் பெரியது. லீவர் பூட்டு திறக்கப் பழகப் போகிறேன் என்று அவள் சொன்னதும் சிரித்தானாம்.

"அக்கா, அது பொறுமைசாலிங்க வேலை. நீங்க டீ ஆறுறதுக்கே காத்திருக்க மாட்டீங்க."

"நான் பதினஞ்சு வருஷமா காத்திருக்கேன் தம்பி."

பழைய இரும்புக் கடையிலிருந்து துருப்பிடித்த பூட்டுகளை வாங்கிவந்து, பக்கவாட்டில் அறுத்து ஜன்னல் வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். மெல்லிய பித்தளைத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். அவைதான் லீவர். ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் உயரம் வைத்திருக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் அதனதன் உயரத்துக்கு எழும்பினால்தான் பூட்டின் நாக்கு நகரும். கொஞ்சம் குறைந்தாலும் நகராது, கூடினாலும் நகராது. கம்பியால் தொட்டு அந்த உயரங்களை எண்ணாகப் படித்துவிட்டால் அப்படியே சாவிப் பல் வெட்டிவிடலாம்.

அக்காவுக்கு முதல் மூன்று மாதம் எதுவும் வரவில்லை. அண்ணன் முகத்தை நினைத்துக்கொண்டு அழுத்துவாளாம். அழுத்தினால் தகடு அதிகமாக எழும்பித் தப்பான எண்ணைக் காட்டும். "பல்லா பிடுங்குறீங்க? தொடுங்கக்கா, போதும்" என்று முதலாளி ஒவ்வொரு நாளும் கிண்டல் செய்வான். கோபத்தைக் கையிலிருந்து இறக்கிவைக்கத்தான் நாளாயிற்று. "இறக்கித்தான் வச்சிருக்கேன், தூக்கிப் போடலை" என்றாள் என்னிடம்.

போன மாதம், அண்ணன் அலுவலகம் போயிருந்த ஒரு காலையில், அம்மாவைப் பார்க்கப் போவதுபோலப் பீரோவைப் பார்க்கப் போனாள். அம்மா கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாளாம். "சத்தம் போடாமச் செய்" என்று மட்டும் சொன்னாளாம்.

ஏழு எண் எழுதிக்கொண்டு வந்து சாவி வெட்டி, மறுவாரம் கொண்டுபோய்ப் போட்டாள். திறக்கவில்லை. கடைக்கு வந்து நோட்டைக் காட்டியதும் முதலாளி தலையில் அடித்துக்கொண்டான்.

"பின்னாடி இருந்து எண்ணியிருக்கீங்க. ஏழாவதை ஒண்ணுன்னு எழுதியிருக்கீங்க. எல்லாம் தலைகீழ்."

புதுசாகப் பழகுகிறவர்கள் எல்லோரும் ஒருமுறை செய்கிற தப்பாம் அது. எண்ணைத் திருப்பிப் போட்டு வேறு சாவி வெட்டினாள். தப்பான சாவியை எறியவில்லை, கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

ஆனால் அதற்கு முன்பே ஒரு விஷயம் அவளுக்குத் தெரிந்துபோயிருந்தது. பதினைந்து வருடம் சாவி போகாத பூட்டில் பித்தளை கறுத்திருக்க வேண்டும், எண்ணெய் காய்ந்து ஸ்பிரிங் இறுகியிருக்க வேண்டும். அவள் கம்பியில் ஈரமாக எண்ணெய் ஒட்டி வந்தது. மோந்து பார்த்தாள். தையல் மெஷின் எண்ணெய். சைக்கிள் செயினிலிருந்து கதவுக் கீல் வரை அண்ணன் போடுவது அதுதான். சின்னக் கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது, சாவி உரசும் இடமெல்லாம் பளபளவென்று இருந்தது.

"நீ அந்தச் சாவியை எப்பவாவது பாத்திருக்கியா?" என்று என்னிடம் கேட்டாள்.

"இல்லக்கா" என்றேன். பார்த்ததில்லை. கேட்டதும் இல்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை பீரோ திறந்தது. அவளுடைய சான்றிதழ்கள் அதே நீல உறையில் அடித்தட்டில் கிடந்தன. மேல்தட்டில் அண்ணனுடையவை. அவற்றின் மேல் அவன் அலுவலகக் கடிதம்: பதவி உயர்வுக்கு வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு நேரில் வரவும்.

அக்கா அதை இரண்டு முறை படித்தாள். தன் உறையை மட்டும் எடுத்துக்கொண்டாள். பிறகு பீரோக் கதவின் உள்பக்கம் நாலு திருகாணிகளைக் கழற்றி, பூட்டைப் பிரித்து, ஏழு லீவரையும் தலைகீழாக அடுக்கி மூடினாள். கைப்பையிலிருந்து அந்தத் தப்பான சாவியை எடுத்துப் போட்டாள். வெண்ணெயில் கத்தி போவதுபோல் திரும்பிற்று. பூட்டிவிட்டு, அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

இன்று வெள்ளிக்கிழமை. அவளுக்கு மணி பத்தேகால் ஆகும்போது அழைத்தேன்.

"அக்கா, அவனுக்கு வேலையே போனாலும் போயிடும். போய்த் திறந்து விட்டுடேன்."

"எனக்குப் போகலையா?"

அந்தப் பக்கம் கடை ஃபோன் அடித்தது.

"அக்கா, உங்க அண்ணன் நம்பர் மாதிரி இருக்கு" என்றது முதலாளியின் குரல். "எடுக்கட்டுமா?"

"வேணாம் தம்பி, விடுங்க."

"பூட்டுக்காகத்தான் இருக்கும்."

"சாவி தொலைஞ்சு பதினஞ்சு வருஷமாச்சு. இன்னைக்கு என்ன புதுசா அவசரம்?" அவள் குரல் சாந்தமாக இருந்தது. "அவன்கிட்ட இருக்கிற சாவி திறக்கலைன்னு அவன் வாயால சொல்லட்டும். என்கிட்ட இல்ல. அம்மாகிட்ட. சொன்னா அம்மா எனக்கு ஃபோன் பண்ணுவா, பத்து நிமிஷத்துல போயிடுவேன்."

கடை ஃபோன் அடித்து அடித்து ஓய்ந்தது. சாவி வெட்டும் இயந்திரம் சுழலத் தொடங்கியது. யாருக்கோ எதையோ வெட்டிக்கொண்டிருந்தாள்.

"மணி என்னக்கா?"

"பத்து இருபத்திரண்டு."

அப்போது என் காதருகே ஃபோன் அதிர்ந்தது. இன்னொரு அழைப்பு. எடுத்துப் பார்த்தேன், அண்ணன்.

"யாருடா?" என்றாள் அக்கா, இயந்திரத்தை நிறுத்தாமல்.

அது அடித்துக்கொண்டே இருக்கிறது.