அப்பா அமுக்கிப் பார்த்த சீட்டு

போன மாதம் மகள் ஒரு மலைச் சைக்கிள் வாங்கினாள். குண்டும் குழியுமான பாதையில் அதிர்வைத் தாங்க முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று என்று ஸ்பிரிங் வைத்த வண்டி. துணைக்குப் போன நான் விலையைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். கடைக்காரர் எந்த நிறம் பிடிக்கும் என்று கேட்கவில்லை. முதலில் அவள் எடையைத்தான் கேட்டார். எடை குறைந்த பெண்களுக்கு ஸ்பிரிங்கை இளக்கிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த ஒரு கேள்வியை எண்பதுகளில் யாராவது என்னிடம் கேட்டிருந்தால் என் முதுகு தப்பித்திருக்கும்.

அப்போது நாங்கள் கோலா சிலாங்கூருக்கு வடக்கே ஒரு செம்பனைத் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் இருந்தோம். எனக்குப் பத்தொன்பது வயது. வானொலிப் பெட்டிக்குப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. தொழிற்சாலை பஸ் விடியற்காலை ஆறே காலுக்குப் பெரிய சாலை முனையில் வந்து நிற்கும். லயத்திலிருந்து அந்த முனைக்கு நாலு கட்டை தூரம். மைலை நாங்கள் கட்டை என்றுதான் சொல்வோம். தோட்டத்து லோரி ஏழு மணிக்கு முன்னால் அசையாது. ஆகவே சைக்கிள் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் அம்மாவோடு சேர்ந்து களைக்கு மருந்தடிக்கப் போக வேண்டியதுதான். அம்மா முதுகில் டாங்கியைச் சுமந்து பல வருஷமாக மருந்தடித்தவர். அவர் கைவிரல் நகங்கள் மஞ்சளாகி, வெடித்து, சில விரல்களில் பாதிதான் இருக்கும். சோறு பிசையும்போது அந்த விரல்களைப் பார்க்காமல் இருக்க நான் பழகியிருந்தேன்.

சைக்கிள் விஷயத்தில் அப்பா வைத்ததுதான் சட்டம். தோட்டத்தில் ரப்பர் இருந்த காலத்தில் பால் வாளிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பல வருஷம் மிதித்தவர். லயத்தில் யார் வண்டி வாங்கினாலும் அவரைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். அவர் செய்யும் சோதனை ஒன்றே ஒன்று. இரண்டு உள்ளங்கையையும் சீட்டின் மேல் வைத்து, கால் விரலில் எம்பி, உடம்பின் முழு பாரத்தையும் இறக்குவார். சீட்டு இறங்கி, அதே வேகத்தில் எழுந்தால் நல்ல வண்டி. லயத்து ஆம்பளைகள் எல்லாரும் அப்படித்தான் பார்ப்பார்கள். அவர்களுக்குச் சைக்கிள் என்றால் பாரம் சுமப்பது. ஏறி உட்காருகிறவர் கணக்கிலேயே வரமாட்டார்.

டவுனில் சீனர் கடையில் ஒரு சிவப்பு சைக்கிள் நின்றது. தாழ்ந்த சட்டம், முன்னால் கூடை, பின்சக்கரத்தில் உடுப்பு மாட்டாமல் இருக்க வலை. எனக்கு அதை விட்டுக் கண் எடுக்க முடியவில்லை. அப்பா போய் அமுக்கினார். சீட்டு கிரீச்சென்று அடிவரைக்கும் போய்விட்டது. அவர் கையை உதறிக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போனார். அது கறுப்பு. சட்டம் இதற்கும் தாழ்வுதான், ஆனால் தடித்த இரும்பு. சீட்டுக்கு அடியில் கட்டை விரல் கனத்துக்கு ஸ்பிரிங். அப்பா எம்பி அமுக்கினார். மெல்ல இறங்கியது, விறைப்பாக எழுந்தது. "சிங்கம்லா இது" என்றார். கடை முதலாளி தவுக்கேயும் தலையாட்டினார்.

உட்கார்ந்து பார் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கடை வாசலில் அத்தனை ஆம்பளைகள் நிற்கும்போது ஏறி உட்கார எனக்கு வெட்கம். என் முட்டாள்தனத்துக்கு அப்பாவை மட்டும் குறை சொல்ல முடியாது.

லயத்துக் கோயில் முன்னால் சூடம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். முதலில் பழம் நசுங்கியது. மறுநாளிலிருந்து நான்.

செம்மண் பாதை முழுக்கக் குலை ஏற்றும் லோரிகள் உழுத வரப்புகள். வாய்க்காலுக்கு வாய்க்கால் பலகைப் பாலம், பலகைக்குப் பலகை இடைவெளி. ஒவ்வொரு குலுக்கலும் இடுப்பிலிருந்து பின்மண்டைக்கு நேராக ஏறியது. பல்லைக் கடிக்காவிட்டால் நாக்கைக் கடித்துக்கொள்வேன். தூக்குச்சட்டி மூடி கழன்று, சாம்பார் வழியிலேயே பாதி போய்விடும். பத்து நாளில் குனிந்து செருப்பை எடுக்க முடியவில்லை. மோசமான இரண்டு கட்டையை இறங்கித் தள்ளிக்கொண்டே போனேன். தள்ளினால் நேரமாகும். இரண்டு தரம் பஸ்ஸைத் தவறவிட்டேன். மூன்றாவது தரம் தவறினால் வர வேண்டாம் என்று மேற்பார்வையாளர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

வீட்டில் முதுகு வலியை மறைக்க முடியவில்லை. அப்பா சைக்கிளைச் சுற்றி வந்து, இன்னொரு தரம் அமுக்கிப் பார்த்தார். அது சிங்கமாகவே இருந்தது. "வண்டியில குத்தம் இல்ல. பொம்பளப் புள்ள ஒடம்புக்கு அந்த ரோடு ஆவாது" என்று தீர்ப்புச் சொன்னார். அம்மா, தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் மண்டோர் வீட்டுக்குப் போய், திங்கட்கிழமையிலிருந்து என்னையும் மருந்தடிக்கும் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தார். என் நல்லதுக்குத்தான் செய்தார். எனக்கு அழுகையை விடக் கோபம்தான் அதிகம் வந்தது. அப்பா மேல், ரோடு மேல், எல்லாவற்றுக்கும் மேல் என் உடம்பு மேல்.

சனிக்கிழமை அரைநாள் வேலை. முடிந்ததும் சாலை முனையிலிருந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு, வீட்டில் சொல்லாமல் டவுனுக்குப் போனேன். தார் ரோட்டில் அது பசு மாதிரி போனது, அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்க வேண்டும். செயின் சரியில்லை என்று சொல்ல ஒரு பொய்யும் தயார்.

தவுக்கே இல்லை. அவர் மனைவி டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். ஒல்லியான அம்மாள். தினமும் மார்க்கெட்டுக்குச் சைக்கிளில்தான் போவார். செயினை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, செயின் நன்றாகத்தான் இருக்கிறது, உண்மையைச் சொல் என்று மலாயில் கேட்டார். முதுகைத் தொட்டுக் காட்டினேன். அவர் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு என்னை ஏறி உட்காரச் சொன்னார். பிறகு குந்தி உட்கார்ந்து சீட்டுக்கு அடியில் பார்த்தார். குலுங்கு என்றார். குலுங்கினேன்.

"கெராஸ்" என்றார். கடினம். ஸ்பிரிங் ஒரு நூல்கூட அசையவில்லையாம். வாங்கும்போது யார் உட்கார்ந்து பார்த்தது என்று கேட்டார். யாரும் உட்காரவில்லை, அப்பா அமுக்கிப் பார்த்தார் என்றேன். அந்த அம்மாள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். இது அரிசி மூட்டைக்காரருக்குச் செய்த சீட்டு, உன் அப்பா உட்கார்ந்தால் மெத்தை, நீ உட்கார்ந்தால் கல் என்றார். நாற்பது கிலோவைத் தொடாத உடம்பு என்னுடையது.

பேசிக்கொண்டே சாவியை எடுத்து, அந்தச் சிவப்பு சைக்கிளின் சீட்டைக் கழற்றி என் வண்டியில் மாட்டினார். இரண்டு விரல் உயரம் இறக்கினார். பழைய சீட்டு விலை கூடியது, அதனால் நான் ஒன்றும் தர வேண்டாம் என்றார். ஏறி உட்கார்ந்தேன். மெதுவாக இறங்கி, என்னைத் தாங்கி நின்றது. என் உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தக் கடை வாசலில் வெட்கமே இல்லாமல் அழுதேன். அந்த அம்மாள் என்னைத் தேற்றவில்லை, மறுபடி டியூபில் ஓட்டை தேடப் போய்விட்டார்.

வீட்டில் அப்பா பார்த்த உடனே எழுந்து வந்து அமுக்கினார். சீட்டு அடிவரைக்கும் போனது. "என்னாம்மா இது, பஞ்சு மாதிரி? ஒரு மாசம் தாங்காது" என்றார்.

"நான் உக்காந்தா அந்தச் சீட்டு அசையவே இல்லப்பா" என்றேன்.

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார், சீட்டை ஒரு தரம் பார்த்தார்.

திங்கட்கிழமை வரப்புகள் அப்படியே இருந்தன, பலகைகளும் அப்படியே. ஓரிடத்தில்கூட நான் இறங்கவில்லை. சாம்பார் சட்டியிலேயே இருந்தது. முனைக்குப் போய்ச் சேர்ந்தபோது சாலையில் ஒருவரும் இல்லை. பஸ் போய்விட்டது என்றே நினைத்தேன். பிறகு மற்றப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பஸ்ஸைத் துரத்தியதெல்லாம் போய், முதல் தடவையாக நான் பஸ்ஸுக்காக நின்றேன். அன்று சாயங்காலம் அம்மா மண்டோரிடம் போய், மகள் வரமாட்டாள் என்று சொல்லிவிட்டு வந்தார்.

இரண்டு வருஷம் கழித்துத் தங்கைக்கும் அதே கடையில் சைக்கிள் பார்க்கப் போனோம். அப்பா பழக்கத்தில் இரண்டு கையையும் சீட்டின் மேல் வைத்து எம்பினார். பாதியில் நிறுத்தினார். கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். கடை வாசலில் நின்ற ஆம்பளைகளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு தங்கையைக் கூப்பிட்டார்.

"நீ ஏறி உக்காரும்மா. நான் அமுக்குனா எனக்குத்தான தெரியும்."