தொடையில் விழுந்த இரண்டு தட்டு

கறுப்பு பெல்ட் வாங்க என்ன வேண்டும் என்று எழுதித் தரும்படி ஜூடோ சங்கத்துக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். பெங்களூரில் அதை முதலில் வாங்கியவன் நான்தானாம். ஆண்டு விழா மலரில் என் படத்தோடு போடுவார்களாம், மேடையில் சால்வை போர்த்துவார்களாம். விடாமுயற்சி, கட்டுப்பாடு, பணிவு என்று மூன்று சொற்களையும் அவர்களே எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த மூன்றைப் பற்றியும் நான் எழுதப் போவதில்லை. எனக்கு என்ன வேண்டியிருந்ததோ அதை எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நான் சமஸ்தான அரசாங்க அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. மல்லேஸ்வரத்தில் வீடு, மனைவி, இரண்டு குழந்தைகள். வயது முப்பத்திரண்டு. அந்த வயதில் மற்ற குமாஸ்தாக்கள் சீட்டாடினார்கள், அல்லது பஜனைக்குப் போனார்கள். நான் மாலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டு நூற்பாலைக்குப் பின்னால் இருந்த ஒரு தகரக் கொட்டகைக்குப் போய்க் கீழே விழுந்துகொண்டிருந்தேன்.

அந்த ஆலையில் புது இயந்திரங்களை ஓட்டக் கற்றுக்கொடுக்க ஒரு ஜப்பான்காரர் வந்திருந்தார். என் வயதுதான். தன் ஊரில் ஜூடோவில் கறுப்பு பெல்ட் வாங்கியவர். இங்கே பேச்சுத் துணையில்லாமல் பொழுது போகாததால், வைக்கோலைப் பரப்பி, மேலே கயிற்றுப் பாய் விரித்து, தார்ப்பாயை இழுத்துக் கட்டி, விருப்பப்பட்டவர்கள் வரலாம் என்றார். நூற்கும் பெண்களிடம் கற்ற கன்னடம்தான் அவருக்குத் தெரிந்த நம்மூர் பாஷை. “பீளு, பீளு” என்பார். விழு, விழு என்று அர்த்தம். முதல் மூன்று மாதம் விழ மட்டுமே சொல்லிக்கொடுத்தார். ஆலையில் பட்டுப்புழுக் கூட்டைக் கொதிக்க வைக்கிற நாற்றம் வேறு. எட்டுப் பேர் சேர்ந்தோம். மூன்று மாதம் முடிந்தபோது இரண்டு பேர் மிஞ்சினோம்.

இன்னொருவன் கண்டோன்மெண்டில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவன். மாதா கோயில் தெருவில் வீடு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே கொட்டகைக்கு வந்துவிடுவான். ஒல்லி, ஆனால் பூனை மாதிரி உடம்பு. என்னைவிட நன்றாகச் செய்வான். இதை அன்றைக்கே அறிந்திருந்தேன்.

ஜூடோவில் ஒருவனைத் தூக்கி எறியக் கற்க வேண்டுமானால் எறியப்பட ஓர் ஆள் வேண்டும். தப்பாக எறிந்தாலும் சரியாக விழுந்து, எழுந்து வந்து மறுபடியும் பிடித்துக்கொள்ளச் சட்டையைக் கொடுக்கிற ஆள். அவன் எனக்கு மூன்று வருஷம் விழுந்தான். நானும் அவனுக்கு விழுந்தேன். ஆனால் நான்தான் மந்தம், எனக்குத்தான் அதிகம் தேவைப்பட்டது.

“இன்னா கிளார்க்கு, ஃபைலத் தூக்கற மாதிரி தூக்கறே? ஆளுபா நானு, ஆளு!” என்று தரையில் கிடந்தபடியே சத்தம் போடுவான்.

“நீ வெயிட்டா இருக்கே.”

“நானா? வீட்ல சோத்துக்குப் பதிலா காத்துதான் சாப்பிடறேன்னு எங்கம்மா சொல்லுது. வா, இன்னொரு தபா போடு. இடுப்பக் குடு, இடுப்ப!”

என் அலுவலகத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. ஒருநாள் முழங்கை சிராய்ப்போடு போனேன். சூப்பரின்டெண்டென்ட் எல்லோருக்கும் கேட்கும்படி, “என்னய்யா, எந்த மாடு முட்டித்து?” என்றார். சிரித்தார்கள். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு தரமாவது “பயில்வான்” என்று கூப்பிட்டு ஃபைல் கேட்பார். வீட்டில் என் மனைவி ஜூடோவுக்குப் போடும் அந்தத் தடித்த சட்டையைக் கல்லில் அடித்துத் துவைத்துவிட்டு, “இது சட்டையா, கோணியா? இதப் போட்டுக்கிட்டு என்னத்த ஜெயிக்கப் போறீங்க?” என்பாள். ஜெயித்துக் காட்டுகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொள்வேன். இவர்களை நான் சாக்காகச் சொல்லவில்லை. அந்த வெறி எங்கே மூண்டது என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஜூடோவில் முதல் நாளே சொல்லித்தந்த ஒரு சட்டம் உண்டு. பிடியில் மாட்டியவன் இரண்டு முறை தட்டினால் பிடித்தவன் உடனே விட்டுவிட வேண்டும். தரையில் தட்டலாம், எதிராளியின் உடம்பில் தட்டலாம். வாயால் சொல்ல வேண்டியதில்லை. அந்த இரண்டு தட்டை நம்பித்தான் ஒருவன் தன் கையையும் கழுத்தையும் இன்னொருவனிடம் கொடுக்கிறான். மூன்று வருஷத்தில் நாங்கள் எத்தனை முறை தட்டியிருப்போம்! ஒரு முறைகூட ஒருவரையொருவர் ஏமாற்றியதில்லை.

நான்காம் வருஷம், பம்பாயில் இருந்த, ஜூடோவில் பெல்ட் கொடுக்கும் தகுதி உள்ள பெரிய ஜப்பான்காரர் ஒருவர் பட்டு வாங்க மைசூருக்கு வந்தார். வழியில் ஒருநாள் தங்கி எங்களைச் சோதிக்கச் சம்மதித்தார். நிபந்தனையை முன்பே சொல்லிவிட்டார்: முதலில் ஒருவர் மேல் ஒருவர் வித்தை காட்ட வேண்டும், பிறகு இருவரும் மோத வேண்டும், ஜெயித்தவனுக்கு இப்போது கறுப்பு பெல்ட், மற்றவனுக்கு அவர் அடுத்த தரம் வரும்போது. அடுத்த தரம் எப்போது என்று யாருக்கும் தெரியாது.

வித்தை காட்டும்போது நான் எறிந்ததைவிட அவன் விழுந்ததுதான் அழகு. என் அரைகுறை வீச்சுக்கெல்லாம் அவன் முழுசாக விழுந்து என்னைப் பெரிய வித்தைக்காரனாகக் காட்டினான். பெரியவர் தலையசைத்தார். அவன் எழுந்து வந்து என் காதருகே, “பாத்தியா, உன்னிய ராஜா ஆக்கிட்டேன்” என்றான்.

மோதல் தொடங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் நம்மூர் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவன் கத்தினாலும் கேட்காது. சிறிது நேரத்திலேயே அவன் என்னைத் தடுக்கி, முக்கால்வாசி சாய்த்துவிட்டான். இன்னும் ஒரு பிடி போட்டால் முடிந்திருக்கும். என்மேல் விழுந்து அமுக்க வந்தவனின் வலது கை என் மார்புக்கு எட்டியது. அதைப் பற்றிக்கொண்டு, மல்லாந்து, கால்கள் இரண்டையும் அவன் மேல் போட்டு, முழங்கையைப் பின்னால் மடக்கும் பிடியில் மாட்டினேன். நல்ல பிடி. எனக்குத் திறமையே கிடையாது என்று நான் எங்கேயும் சொல்லமாட்டேன்.

அவன் தட்டினான். இடது கையால் என் தொடையில், இரண்டு முறை.

பெரியவரும் எங்கள் ஜப்பான்காரரும் என் கால்கள் மறைக்கிற பக்கம் இருந்தார்கள். அந்தக் கை அவர்கள் கண்ணில் படவில்லை. நான் விட்டுவிட்டால் பிடி நழுவியது என்றுதான் நினைப்பார்கள், மோதல் தொடரும், தொடர்ந்தால் நான் தோற்பேன். தட்டினேன் என்று அவனே சொல்வான் என்று நம்பி விட எனக்கு மனமில்லை. இவ்வளவையும் யோசித்தேன். யோசிக்க நேரம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நிறைய நேரம் இருக்கிறது. அவன் வாய்விட்டுக் கத்தினால் அவர்களுக்குத் தெரியும் என்று முடிவு செய்து இடுப்பை உயர்த்தினேன். என் கைக்குள் அவன் முழங்கை மூட்டு விலகிப்போனது. பிறகு கத்தினான். மழையை மீறிக் கேட்டது.

அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்டிருக்காது என்று எல்லோரும் மழையின் மேல் பழியைப் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக் கிடந்தவன் என்னிடம் கேட்டான்.

“நான் தட்டனேன்பா. உனுக்குத் தெரியலியா?”

“மழச் சத்தத்துல கேக்கலடா.”

காதால் கேட்கவில்லை என்பது உண்மைதான். அப்படி ஒரு உண்மையைத் தேடி எடுத்துச் சொன்னேன்.

“ஆமா. நல்ல மழ” என்றான்.

பம்பாயிலிருந்து பெல்ட்டும் கடிதமும் பார்சலில் வந்தன. எங்கள் ஜப்பான்காரர் என் இடுப்பில் கட்டிவிட்டார். சூப்பரின்டெண்டென்டிடம் கடிதத்தைக் காட்டினேன், அதற்குப் பிறகு அவர் என்னைப் பயில்வான் என்று கூப்பிடவில்லை. மற்றபடி கறுப்பு பெல்ட் கட்டிக்கொண்டு கொட்டகையில் தனியாக நின்றேன். எனக்கு விழ ஆள் இல்லை.

யுத்தம் வந்ததும் ஜப்பான்காரரைப் போலீசார் அழைத்துப் போனார்கள். “அந்தக் கச்சைய அடுப்புல போடுங்க. ஜப்பான் சாமான் வெச்சிருக்கோம்னு எவனாவது போலீசுக்கு எழுதிப் போட்டா என்ன பண்றது?” என்றாள் என் மனைவி. முடியாது என்றேன். ஏன் முடியாது என்று அவளுக்குச் சொல்லவில்லை. எரித்துவிட்டால் நான் செய்ததும் சேர்ந்து எரிந்துபோகும் என்று எனக்கு ஒரு கோபம்.

யுத்தம் முடிந்த பிறகு ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அவனைத் தேடி அச்சகத்துக்குப் போனேன். வலது கை முழுசாக நீளவில்லை. மேல் வரிசை எழுத்தறைகளுக்கு எட்டாததால் அவனை எழுத்துக் கோர்ப்பதிலிருந்து எடுத்து மெய்ப்புப் பார்க்கப் போட்டிருந்தார்கள்.

“வா கிளார்க்கு. இப்ப மத்தவன் தப்பத் திருத்தறதுதான் நம்ம வேல” என்றான்.

நின்றபடியே சொன்னேன். தட்டியது எனக்குத் தெரியும், தெரிந்துதான் செய்தேன் என்றேன்.

அவன் டிபன் டப்பாவை மூடினான். “தெரியும். தட்டனதுக்கு அப்பறம்தான் நீ இறுக்கனே. கை என்னுதுதானே? எனுக்குத் தெரியாதா?”

“பின்ன ஏன்டா யார்கிட்டயும் சொல்லல?”

“நீ சொல்லுவேன்னு இருந்தேன். அந்தப் பெரியவரு ஊருக்குப் போற வரிக்கும் இருந்தேன். பார்சல் வர்ற வரிக்கும் இருந்தேன். அப்போ சொல்லியிருந்தா உனுக்குப் பெல்ட்டு போயிருக்கும். இப்போ சொன்னா உனுக்கு இன்னா போவுது? மனசு லேசாவும், வூட்டுக்குப் போயி நல்லா தூங்குவே. அதுக்கு நான் வேணுமா?”

நான் கிளம்பத் திரும்பினேன்.

“எப்பயாவது சொன்னா உனுக்கு நஷ்டம்னு ஒரு நாளு வரும். அன்னிக்குச் சொல்லு. போ, மிசினு ஓட ஆரம்பிச்சிடும்.”

அதற்குப் பிறகு தெருவில் பார்த்தால் தலையசைப்பான். அவ்வளவுதான். அவன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது.

இதுவரை எழுதியதைப் போன வாரம் சங்கத்தின் செயலாளர் வந்து என் எதிரில் உட்கார்ந்து படித்தார். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

“சார், அந்த மழப் பகுதிய மட்டும் எடுத்துடலாமா? ஏதோ சின்ன வயசுல நடந்த விபத்து.”

“விபத்து இல்லைன்னுதானே எழுதியிருக்கேன். சின்ன வயசும் இல்ல, முப்பத்தஞ்சு.”

“இதப் போட்டா சால்வைக்கு எப்படி சார் கூப்பிடறது? கமிட்டி ஒத்துக்காதே.”

“கூப்பிடாதீங்க.”

“மொத பெல்ட்டுன்னு நோட்டீஸ் அடிச்சாச்சு சார்.”

“வேற நோட்டீஸ் அடிங்க. போட்டா முழுசாப் போடுங்க. இல்லேன்னா விட்டுடுங்க, நான் வேற இடத்துல போட்டுக்கறேன்.”

அவர் மேடை, படம், வருகிற பெரிய மனிதர்கள் என்று மறுபடியும் எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல எனக்கு, அவன் சொன்ன நாள் இதுதான் என்று தெளிவாகிக்கொண்டே வந்தது. காகிதங்களை வாங்கிக்கொண்டேன். மலருக்காகக் கொடுத்திருந்த என் படத்தையும் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஒரு வரியும் எடுக்காமல் இந்தப் பத்திரிகைக்குக் கொடுத்திருக்கிறேன். மெய்ப்புப் பார்க்க அவன் இல்லை. ஒற்றுப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றதைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம்.