கலர் சார் எழுதிய பாடத்திட்டம்

எங்கள் பள்ளியின் ஓவிய ஆசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கலர் சார். மனிதர் போடுவதோ வருஷம் முழுக்க வெள்ளைச் சட்டை. ஓவியப் பீரியட் என்றால் எங்களுக்கெல்லாம் இளக்காரம். பாடம் முடியாவிட்டால் முதலில் அதைத்தான் பிடுங்குவோம். பிடுங்கியதில் முதலிடம் கணக்கு டீச்சரான எனக்குத்தான். அவர் முகம் சுளிக்காமல் சாக்பீஸை என் கையில் கொடுத்துவிட்டுப் போவார்.

அவருக்கு இருந்த ஒரே கோபம் கரும்பலகை மேல்தான். இருபத்தாறு வருஷமாக அதில் ஒரு பூந்தொட்டியை வரைந்துபோட்டுப் பிள்ளைகளைப் பார்த்து வரையச் சொன்ன பாவம் தன்னைச் சும்மா விடாது என்பார். எல்லாப் பள்ளிகளுக்கும் புது ஓவியப் பாடத்திட்டம் எழுதித் தரும்படி கல்வி அலுவலகம் கேட்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஓய்வுபெற மூன்று வருஷம்தான் இருந்தது. போவதற்குள் இந்தப் பார்த்து வரைகிற வேலையை ஒழித்துக்கட்டிவிட வேண்டும் என்று உட்கார்ந்தார்.

நான்கு மாதம் எழுதினார். ஒன்றாம் வகுப்புக்குக் களிமண். நான்காம் வகுப்புக்கு, வெட்டிய காய்கறியில் சாயம் தொட்டு அச்சு. ஒன்பதாம் வகுப்பு அடுத்தவர் படத்தைப் பார்த்து, பிடித்ததையும் பிடிக்காததையும் காரணத்தோடு பேச வேண்டும். எனக்கே மறுபடி பள்ளியில் சேரலாம் போலிருந்தது. ஆனால் விளக்கம் மட்டும் முந்நூறு பக்கம். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"இதெல்லாம் யாரு சார் படிக்கப்போறாங்க? பாடத்துக்கு ஒரு படம் வரைஞ்சு வைங்க. சட்டுன்னு புரியும்."

"நான் வரைஞ்சா அதையே பிடிச்சுக்குவாங்களே டீச்சர்?"

"அவங்க பெரியவங்க சார். சின்னப் பிள்ளைங்களா என்ன?"

சிரித்தார். வரைந்தும் வைத்தார்.

அதைப் பார்த்து முடிவுசெய்யக் கல்வி அலுவலகம் போட்ட குழுவில் ஐந்து பேர். படங்களைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். விளக்கம் நீளம் என்று வெட்டிவிட்டார்கள். அடுத்த ஆண்டு புத்தகம் வந்தது. பக்கத்துக்கு ஒரு படம், கீழே ஒரே வரி: 'மாதிரியைப் பார்த்து வரைக. ஒத்திருக்கும் அளவுக்கு மதிப்பெண்.' முதல் பக்கத்தில் அவர் பெயர்.

அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். ஒருநாள் நானும் கூடப் போனேன்.

"அச்சாகிப் போச்சு சார். இனி அஞ்சு வருஷத்துக்கு இதுதான்," என்றார் அதிகாரி. "படமெல்லாம் நீங்க வரைஞ்சதுதானே?"

திரும்பி வந்தோம்.

ஆறாம் வகுப்பில் 'என் கை' என்று ஒரு பாடம். அவரவர் கையை உற்றுப் பார்த்து வரைவதற்காக எழுதியது. புத்தகத்தில் இருந்ததோ அவருடைய கை: நரம்பு புடைத்து, சுண்டுவிரல் வளைந்த கிழட்டுக் கை. தேர்வில் முப்பத்தொன்பது பிள்ளைகள் ஆளுக்கொரு கிழட்டுக் கை வரைந்திருந்தார்கள். ஒருத்தி மட்டும் தன் கையை வரைந்திருந்தாள். குட்டை விரல்கள், கடித்த நகங்கள், மணிக்கட்டில் பேனா மை.

மதிப்பெண் போட வேறு பள்ளியிலிருந்து வந்த ஆசிரியை, புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிட்டுப் பத்துக்கு மூன்று போட்டார். கலர் சார் மன்றாடிப் பார்த்தார். அந்த அம்மாள் புத்தகத்தின் ஒற்றை வரியைத் தொட்டுக் காட்டினார். மதிப்பெண்ணுக்குக் கீழே பாட ஆசிரியராகக் கையெழுத்துப் போட வேண்டியவர் இவர். போட்டார். எனக்கு என் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது.

மறுநாள் அந்தச் சிறுமி தாளோடு ஆசிரியர் அறைக்கு வந்தாள்.

"என் கை தப்பா சார்?"

"இல்லம்மா. ரொம்பச் சரியா வரைஞ்சிருக்கே."

"அப்புறம் ஏன் சார் மூணு?"

அவர் என்னைப் பார்த்தார். அதற்குள் அவள் தானே ஒரு முடிவுக்கு வந்தாள். தாளைப் பின்பக்கம் திருப்பி, பென்சிலை எடுத்துக்கொண்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"உங்க கையை இப்படி மேசை மேல வைங்க சார். பார்த்து வரைஞ்சு பழகிக்கிறேன்."

அவர் வைத்தார்.