தாலி கட்டும் இடத்தில் நின்ற படம்

தொலைபேசியில் தங்கச்சி அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு ஏதாவது சொல்ல வந்திருக்கும்.

"அண்ணே, நீங்க செஞ்சு குடுத்த டிவிடிய நேத்து போட்டுப் பாத்தோம். சரியா தாலி கட்டுற எடத்துல நின்னுருச்சு," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "பக்கத்து வீட்டு ஆளுங்களும் இருந்தாங்க. அதுலருந்து அத்தை என்னைய வெளக்கேத்த விட மாட்டேங்கிறாங்க."

நான் அப்போது ஹட்டன் பஜாரில் ஒரு ஸ்டூடியோவில், பின்னறையில் உட்கார்ந்து கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டும் வேலையில் இருந்தேன். ஆட்களோடு பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. தங்கச்சியின் கல்யாணம் கொட்டகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் நடந்தது. வாழப் போனது மஸ்கெலியாப் பக்கம். மாப்பிள்ளைக்குக் கட்டாரில் வேலை. வரும்போது சுவரை அடைக்கிற மாதிரி ஒரு டிவியும், அதற்கேற்ற புது பிளேயரும் கொண்டுவந்திருந்தார். சாதாரண டிவிடியைப் போட்டால் அந்தத் திரையில் முகமெல்லாம் கரைந்து தெரியும். "மச்சான், எச்டியிலயே போட்டுக் குடுங்க" என்று கேட்டிருந்தார்.

எச்டியில் போட்டால் முழுக் கல்யாணமும் ஒரு சாதாரண டிஸ்க்கில் அடங்காது. இரண்டாகத் தருகிறேன் என்றேன். தங்கச்சியின் மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. "கல்யாணத்த ரெண்டா வெட்டிக் குடுக்காதீங்க தம்பி. ஒண்ணா குடுங்க," என்று சொல்லிவிட்டார். அதனால்தான் டபுள் லேயர் டிஸ்க்குக்குப் போனேன்.

அந்த டிஸ்க்கில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு இருக்கும். பிளேயர் முதல் அடுக்கைப் படித்து முடித்துவிட்டு இரண்டாவதற்குத் தாவும்போது, சில பிளேயர்களில் படம் ஒரு மூச்சு நேரம் நிற்கும். கடைக் கம்ப்யூட்டரில் நான் ஓட்டிப் பார்த்தபோது நிற்கவே இல்லை. அவர்கள் வீட்டில் நின்றிருக்கிறது. அதுவும் மாப்பிள்ளையின் கை தங்கச்சியின் கழுத்துக்குப் பின்னால் இருக்கும்போது, கெட்டிமேளத்தின் நடுவில். படம் நின்றதைவிட மேளம் நின்றதுதான் அபசகுனமாகப் பட்டு அவர்களைப் பயப்படுத்தியிருக்க வேண்டும்.

முதலாளியிடம் சொன்னேன். "டிஸ்க் நின்னா தொடச்சிப் போடச் சொல்லுப்பா. இதுக்குப் போயி மொகத்த இப்படி வச்சிருக்க," என்றார்.

மாப்பிள்ளையின் லீவு முடியப் போகிறது. அவர் கட்டாருக்குப் போய்விட்டால் அந்த வீட்டில் தங்கச்சிக்காகப் பேச ஆளில்லை. அதற்குள் இது சரியாக வேண்டும். எனக்கு உட்கார முடியவில்லை. தேநீரை ஊற்றி வைத்து ஆறவிட்டேன். மறுநாள் கண்டிக்குப் போனேன்.

ஹட்டனில் வாங்கிய டிஸ்க்கில் கம்ப்யூட்டர் வைத்த இடத்தில்தான் அடுக்கு மாறியது. பிளஸ் வகை டிஸ்க் என்றால் அடுக்கு மாறும் இடத்தை நாமே கொஞ்சம் தள்ளி வைக்கலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். கண்டிக் கடையில் கோபுரம் மாதிரி அடுக்கி வைத்த மலிவு டிஸ்க்கும் இருந்தது, தனித்தனிப் பெட்டியில் வருவதும் இருந்தது. கடைக்காரப் பெண் சிங்களத்தில் எது வேண்டும் என்று கேட்க, நான் விரலால் பெட்டியைக் காட்டினேன். ஒன்று போதாது என்று தோன்றியதால் இரண்டு வாங்கினேன். அது நல்லதாகப் போயிற்று. ஹட்டனுக்குத் திரும்பி எழுதும்போது, மழையில் கரண்டு இறங்கி முதல் டிஸ்க் பாதியிலேயே வீணானது. இரண்டாவதை மிகக் குறைந்த வேகத்தில் எழுத விட்டுவிட்டு, வாசலுக்கும் பின்னறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

எழுதத் தொடங்குவதற்கு முன் ஒரு கேள்வி இருந்தது. அடுக்கு மாறும் இடத்தைப் பின்னால் தள்ளலாம், பாதிக்கு முன்னால் கொண்டுவர முடியாது. தாலிக்குப் பிறகு வருவதெல்லாம் ஆட்களின் முகம். அட்சதை போடும் பெரியவர்கள், கண்ணைத் துடைக்கும் அம்மா, பந்தியில் வாய் திறந்திருக்கும் சொந்தக்காரர்கள். யார் மேல் நிறுத்துவது? யாரை நிறுத்தினாலும் அவருக்கு ஏதாவது என்றால் என்னால் தாங்க முடியாது. கடைசியில் நான் பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டு போகும் இடத்தில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மஸ்கெலியா பஸ்ஸில் ஏறினேன். டிஸ்க்கைச் சட்டைக்குள் வைத்திருந்தேன். வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

லயத்து வரிசையில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனபோது சாயங்காலம். மாப்பிள்ளை டிஸ்க்கைப் போட்டார். மாமனார் கதவோரம், மாமியார் பாயில், தங்கச்சி அடுப்படி வாசலில். தாலி வந்தது. மேளம் நிற்காமல் அடித்தது, முடிச்சு விழுந்தது, அட்சதை விழுந்தது. மாமியார், "திருப்பிப் போடு," என்றார். இன்னொரு தடவையும் நிற்காமல் ஓடியது. நான் கிளம்பப் பார்த்தேன். பந்தி வரைக்கும் இருக்கச் சொன்னார்கள்.

திரையில், பந்தி நடுவே, நான் வாளியோடு நின்றேன். கரண்டியிலிருந்து பாயசம் இறங்காமல் அப்படியே தொங்கியது. பிறகு ஓடியது.

"அது நீங்கதானே?" என்றார் மாமியார்.

"ஆமாங்க அத்தை. எங்கயாச்சும் ஒரு எடத்துல நின்னுதான் ஆகுங்க. மெசினு அப்படி. அதான் என் மேல வச்சிட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். "இன்னும் கல்யாணம் ஆகாத ஆளு. ஒங்க மேல கொண்டு போயி இத வைப்பீங்களா? ஒங்களுக்கு ஒரு பொண்ணு அமைய வேணாமா?"

"மச்சானுக்கு அதனாலதான் தள்ளிப் போகுது போல," என்றார் மாப்பிள்ளை.

"நீ சும்மா இரு. தம்பி, இத மாத்துங்க."

"அப்ப என் மேல வச்சிருங்க," என்றார் மாமனார் கதவோரத்திலிருந்து. "ஆயுசு பூரா வேலைக்குப் பேரு போட பெரட்டுல நின்னவந்தானே நானு. எனக்கு என்ன."

"ஒங்க மேலயா? என் தாலிக்கு ஒல வைக்கப் பாக்குறீங்களா?"

மாப்பிள்ளை சிரித்தார். மாமனாரும் சிரித்தார். சமையல்காரர் மேல் வைக்கலாம் என்றார் மாப்பிள்ளை. அவரும் பிள்ளைகுட்டிக்காரர் என்றார் மாமியார். பந்தல் கால் கூடாது, குத்துவிளக்கு கூடவே கூடாது. கடைசியில் மாமியாரே சொன்னார்:

"மரத்துல ஒரு பாட்டுக் கொழா கட்டியிருந்தாங்கள்ல, அது மேல வைங்க. விடியக்காலையிலருந்து ஓயாம கத்துனிச்சு. அது கொஞ்சம் நிக்கட்டும்."

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. தங்கச்சி எழுந்து முகம் கழுவிவிட்டு சாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். நெருப்புப் பெட்டி கையில் இருந்தது. உரசவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமியார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "திரி கருகிக் கெடக்கு பாரு. புதுசு போட்டு ஏத்து," என்றார்.

குச்சி உரசிய சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் அவர்கள் கொடுத்திருந்த தேநீரை என்னால் குடிக்க முடிந்தது.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு நினைவு வந்தது. பாட்டுக் குழாய் படத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. அதுவும் ஆரம்பத்தில், தாலிக்கு ரொம்ப முன்னால். அந்தத் துண்டை வெட்டிக் கொண்டுபோய்ப் பந்திக்குப் பின்னால் ஒட்ட வேண்டும். அங்கே ஒட்டினால் வெளிச்சம் சேராது. அது காலை வெயில், பந்தி மத்தியானம். மாமியார் கண்டுபிடித்துவிடுவாரா? மாப்பிள்ளை கிளம்புவதற்குள் இன்னொரு தடவை கண்டிக்குப் போய் டிஸ்க் வாங்க வேண்டும். பஸ் நோர்வூட், டிக்கோயா எல்லாம் தாண்டிப் போனது. நான் அந்தத் துண்டைத்தான் மனதுக்குள் வெட்டி வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன்.